அந்தோணி தம்பியும் நான் வச்ச சந்தனமும்

பெருமாள்மலை மெக்கானிக் அந்தோணி தம்பி போயிருச்சு. வெள்ளனே நெஞ்சு வலியாம்... ஆஸ்பத்திரி போய்ச் சேரல.

மகன் போன்ல சொன்னதுல இருந்து உக்கார முடியல. உலைய வச்சேன், எறக்கிட்டேன், திரும்ப வச்சேன். ஒரு சோலியும் ஓடல.

அடக்கம் மூணு மணிக்கு. அதுக்குள்ள இத எழுதிப் போட்டுடணும். வண்டி ஸ்டாண்டு ஆளுங்க எல்லாரும் இந்த வாட்ஸ்அப் குரூப்புல இருக்கீங்க, படிங்க.

எங்க பிக்கப் வண்டி உங்களுக்குத் தெரியும். கண்ணாடியில என் பேத்தி பேரு இருக்கும். அது மலைமேல நம்ம போளூர்ல இருந்து கேரட் ஏத்திக்கிட்டுப் போறப்ப, "நம்ம வண்டி"ன்னு நான் காட்டாத ஆளு கெடையாது.

நாலு வருசம் முன்னாடி, ஆயுத பூஜைக்கு மறுநாள். மலை ஏற மாட்டேன்னு நின்னுருச்சு. ஆக்சிலேட்டர எவ்வளவு மிதிச்சாலும் வேகம் எடுக்கல. மஞ்ச லைட்டு வேற எரியுது. இங்க புடுங்குன கேரட்டு மூட்டை மூட்டையா கெடக்கு.

கீழ டவுன்ல ஒருத்தர் மெஷின மாட்டிப் பாத்துட்டு, திராட்டில் சென்சார் போச்சுன்னாரு.

எனக்குக் கோவம் ஏறிருச்சு. முந்தின வாரந்தான் அந்தோணி தம்பி சர்வீஸ் பண்ணுச்சு. "நல்ல சென்சார உருவிக்கிட்டுப் பழச மாட்டிட்டான்"னு ஸ்டாண்டுல அத்தனை டிரைவருக்கும் முன்னாடி கத்துனேன்.

தம்பி கைய மட்டும் தொடச்சுக்கிச்சு. "கத்துங்கக்கா, பரவால்ல. பேனட்டத் தெறக்க விடுங்க."

ஷெட்டுல வச்சு மீட்டர எடுத்துச்சு. இஞ்சினுக்குக் காத்துப் போற வழியில ஒரு தகடு இருக்கும். அது எவ்வளவு தெறந்திருக்குன்னு வண்டிக்குச் சொல்றதுதான் அந்தச் சென்சாராம்.

"மெஷின் சென்சார்னு சொல்லிரும்க்கா. சென்சாரா, ஒயரான்னு நாமதான் பாக்கணும்."

தகட்ட வெரலால மெல்லத் தள்ளுச்சு. மீட்டர்ல நெம்பர் ஒண்ணு ஒண்ணா ஏறுது. ஒயர லேசா ஆட்டுச்சு... பொசுக்குனு சைபர்.

கிளிப்பக் கழட்டுனா உள்ள மஞ்சளாக் காஞ்சு கெடக்கு. கம்பி முனையெல்லாம் அதுதான் அப்பியிருக்கு.

மோந்து பாத்துச்சு. என்னயப் பாத்துச்சு. "ஏங்க்கா... சென்சாருக்குமா பொட்டு?"

எனக்கு அப்பதான் ஞாபகம் வந்துச்சு. பூஜைக்குப் பேனட்டத் தெறந்து வண்டியத் தொடைக்கிறப்ப ஒரு கருப்பு கிளிப்பு கையோட வந்துச்சு. சந்தனக் கையோடயே திரும்ப அமுக்கி விட்டேன். அது கழண்டத யார்கிட்டயும் சொல்லல.

மகன் டீ குடிச்சுட்டு வந்தான். "என்னண்ணே ஆச்சு?"

"ஒயர்ல ஈரம்டா. வேற ஒண்ணுமில்ல." என்னயக் காட்டிக் குடுக்கல.

நானும் வாயத் தெறக்கல. வண்டி சரியாகி மலை ஏறிருச்சு. நான் கத்துனது மட்டும் ஸ்டாண்டுலயே நின்னுருச்சு. நம்மூர் வண்டி நாலஞ்சு அதுக்கப்புறம் அந்த ஷெட்டுக்குப் போகல. எனக்குத் தெரியும்.

தம்பிக்கும் தெரியும். ஆனாலும் வருசா வருசம் பூஜைக்கு மொத நாள் போன் வந்துரும். "அக்கா, பொட்டு பேனட்டுக்கு வெளிய மட்டும்!"

"போன வையி, வேலை கெடக்கு"ம்பேன்.

போன வருசம், "தம்பி, ஒரு விசயம்..."னு ஆரம்பிச்சேன்.

"சொல்லுங்கக்கா."

"ஒண்ணுமில்ல, நாளைக்கிப் பொரி வாங்கிக்க வந்துரு"ன்னுட்டேன். தலை குனியிறது எனக்குப் பழக்கமில்ல.

இப்ப சொல்றேன். அந்தோணி எந்தச் சாமானையும் மாத்தல. கெடுத்தது நான். கத்துனது தப்பு. அதத் தெரிஞ்சுக்கிட்டே நாலு வருசம் சும்மா இருந்தேன்.

படிச்சவங்க படிக்காதவங்களுக்கும் சொல்லுங்க. வெரசா... மூணு மணிக்குள்ள.

மகன் ஆரன் அடிக்கிறான். அதே வண்டியிலதான் வர்றேன் தம்பி.

பொட்டு வெளிய மட்டுந்தான் இருக்கு.