அணைக்காமல் கை வைத்த மெக்கானிக்

வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்கு அந்தக் குடியிருப்பில் 'பிளக்கைப் பிடுங்கி' என்று பெயர். சும்மா வைத்த பெயரல்ல. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் பிளக்கைப் பிடுங்குவார், அப்புறம்தான் "என்ன கோளாறு?" என்று கேட்பார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு ஷாக்கும் வாங்கியதில்லை. பயந்தாங்கொள்ளி என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும், பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன.

அவர் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. வாரமெல்லாம் கால்கடுக்க நின்று, பொடி எழுத்தைப் படித்துப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். விடுமுறை நாளில் அவளுக்கு இருக்கும் ஒரே பித்து, ஒரு பழைய கையடக்க வீடியோ கேம். மேலிருந்து கட்டைகள் விழும், அடுக்கிக்கொண்டே போக வேண்டும். அதில் அவளுடைய அக்கா ஒரு காலத்தில் இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் புள்ளி எடுத்துவிட்டாள். எடுத்தவள் வாயை மூடிக்கொண்டு இருந்தாளா? நாலு சொந்தக்காரர்கள் கூடினால் போதும், அந்தப் பேச்சு வந்துவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவி ஒரு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரத்தில் இருந்தபோது கேமின் சிவப்பு விளக்கு மங்கிவிட்டது. பேட்டரி தீரப்போகிறது. கழற்றி மாற்றினால் ஆட்டம் அம்போ. அணைந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும் ஜென்மம் அது. கூட வந்த அடாப்டரோ என்றைக்கோ மண்டையைப் போட்டுவிட்டது. அவள் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்துவிட்டுப் புருஷனிடம் ஓடிவந்தாள்.

"என்னங்க, ஏதாவது பண்ணுங்க. இன்னொரு தடவ இவ்ளோ தூரம் என்னால வர முடியாது."

மெக்கானிக் ஒரு பழைய போன் சார்ஜரின் வயரை வெட்டினார். நுனியைச் சுரண்டி, சிவப்பையும் கறுப்பையும் பிரித்தார். மீட்டரில் ஐந்து வோல்ட் காட்டியது. நாலு பேட்டரி செய்கிற வேலைக்கு அது போதும். ஆனால் அடாப்டர் குழியில் எதைச் செருகினாலும் உள்ளே பேட்டரியின் இணைப்பு விட்டுப்போய் ஒரு கணம் அணைந்துவிடும். ஆகவே பேட்டரி இருக்கும்போதே, அதன் இரண்டு முனைத் தகடுகளிலும் வயரை நேராக வைத்தாக வேண்டும்.

"சரி, குடு" என்று வாங்கினார். வாங்கிய கையோடு கட்டைவிரல் போய் ஸ்விட்சின் மேல் உட்கார்ந்தது. மனைவி அந்தக் கையில் பளீரென்று ஒன்று வைத்தாள்.

"அணைக்கவா போறீங்க? நல்லா இருக்கு உங்க வைத்தியம்."

"அணைக்காம கை வைக்கக் கூடாதும்மா."

"இது என்ன வாஷிங் மெஷினா? அஞ்சு வோல்ட்டுக்கு எறும்புகூடச் சாகாது."

அது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன, விரலுக்குத் தெரிய வேண்டாமா? போய் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவள் சிரிக்கவில்லை, சிரிக்க நேரமில்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிவப்பை ஒரு முனையிலும் கறுப்பை மறுமுனையிலும் வைத்தார். விளக்கு பளிச்சென்று ஆனது.

ஆனால் வயர் நிற்கவில்லை. டேப் ஒட்டினால் வழுக்கியது. கையை எடுத்தால் விளக்கு மங்கியது. கடைசியில் அவருடைய விரல்களே அடாப்டரில் பாதி ஆகிவிட்டன. முட்டியோடு முட்டி இடிக்க எதிரெதிரே உட்கார்ந்து அவள் ஆட, அவர் கேமின் முதுகில் இரண்டு வயரையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பாக்கெட்டில் போன் அடித்தது. யார் வீட்டிலோ தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கும். ஒழுகட்டும்.

திரை அவருக்குத் தெரியவில்லை. அவள் முகம் மட்டும்தான் தெரிந்தது. உதட்டைக் கடித்தாள், புருவத்தைத் தூக்கினாள், வாய்க்குள்ளேயே யாரையோ திட்டினாள், அக்காவாகத்தான் இருக்கும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அந்த முகத்தை அவர் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் பார்த்ததில்லை. பார்க்க நன்றாக இருந்தது. விரல் மரத்துப்போனதுகூட உறைக்கவில்லை.

"தாண்டிட்டேன்" என்றாள் ஒருவழியாக. கண் கலங்கியிருந்தது. "ரெண்டு லட்சத்துப் பதினஞ்சாயிரம். கைய எடுங்க, பாவம், வலிக்கும். நான் அக்காவுக்கு போன் போடறேன்."

"அவங்களுக்கு அப்புறம் சொல்லிக்கலாம். நீ இன்னும் கொஞ்ச நேரம் ஆடு" என்றார் அவர்.