வெள்ளை சாஸ்

அவள் உணவு ஆய்வாளர். ஹோட்டல்காரர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'பினாயில்'. அவள் வருகிறாள் என்று தெரிந்தாலே போதும், கடைகளை அவசரமாகக் கழுவிவிடுவதில் தெரு முழுக்க அந்த வாடை அடிக்கும். வீட்டில் கணவனும் சில சமயம், "பினாயில், டீ போடட்டுமா?" என்பான். அவளும் சிரித்துக்கொள்வாள். கோபக்காரி இல்லை. குரல் உயர்த்தத் தெரியாதவள் என்றுதான் ஆபீசில் பேச்சு.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கோழிக்கடையில் சாப்பிட்டவர்கள் கொத்துக் கொத்தாக ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கியபோது அவளை அனுப்பினார்கள். வார்டில் கட்டில் போதாமல் தரையில் படுக்க வைத்திருந்தார்கள். காய்ச்சல், வாந்தி, ரத்தம் கலந்த பேதி. எல்லாரும் தின்றது சுட்ட கோழி, ரொட்டி, தொட்டுக்கொள்ள முட்டையில் அடித்த வெள்ளை சாஸ். இதில் எது விஷமானது? ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து கேட்டாள்.

ஒரு பெண் சுருண்டு கிடந்தாள். அவள் புருஷன் மட்டும் கல்லுக்குண்டு மாதிரி நின்றான்.

"ரெண்டு பேரும் ஒரே தட்டுலதானே சாப்பிட்டீங்க?"

"ஆமா மேடம். அந்த வெள்ளை சமாச்சாரத்தை மட்டும் நான் தொடல. பாத்தாலே எனக்குக் குமட்டும்."

கடைசிக் கட்டிலில் கல்லூரிக்குப் போகும் பெண், ஒரு வெல்டரின் ஒரே மகள். உதடு வெடித்திருந்தது. "நல்லா இருந்துச்சுக்கா. அந்த சாஸை ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கினேன்" என்று ஏதோ தப்புச் செய்தவள் போலச் சொன்னாள். அவள் அப்பா வாசலில் நின்று, வெள்ளைச் சட்டை போட்ட யாரைப் பார்த்தாலும் "டாக்டருங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மதியம் அங்கிருந்து நேராகக் கோழிக்கடைக்குப் போனாள். முதலாளி பல்லெல்லாம் தெரிய வரவேற்றான். அடுப்படியில் சமையல்காரன் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆளுயர ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது, குளிர்ச்சி இல்லை. வெதுவெதுப்பாக ஒரு புளித்த வாடை முகத்தில் அடித்தது. கீழ்த்தட்டில் ஒரு வாளி நிறைய வெள்ளை சாஸ்.

"இது எப்பலேர்ந்து ஓடல?"

"இன்னைக்குக் காலைலதான் மேடம்" என்றான் முதலாளி. சமையல்காரன் நிமிரவே இல்லை.

அவள் கரண்டியால் அள்ளிப் பாட்டிலில் அடைத்துப் பைக்குள் வைத்தாள். இன்னொரு பாட்டிலை எடுப்பதற்குள் முதலாளி வாளியைத் தூக்கித் தொட்டியில் கொட்டப் பார்த்தான். அவள் ஒரு கையால் வாளியைப் பிடித்தாள், மறு கை ஃப்ரிட்ஜின் விளிம்பில் இருந்தது. அவன் கதவை அந்தக் கை மேல் ஓங்கி அறைந்தான். விரல்கள் நொறுங்கிய சத்தம் அவளுக்கே கேட்டது. "பாட்டிலைக் குடுடீ!" என்று மறுபடியும் அறைந்தான். பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் முன்பக்கத்துக் கண்ணாடி உடைந்து விழுந்தது. ஆஸ்பத்திரியில் வெல்டரின் மகள் செத்துப்போயிருந்தாள்; செய்தி கேட்டுக் கூட்டம் கடைக்குத் திரண்டு வந்திருந்தது.

தெருவே உள்ளே புகுந்தது. நாற்காலிகள் பறந்தன. முன்னால் வந்த வெல்டரின் கையில் இரும்புக் குழாய். முதலாளி சட்டென்று சமையல்காரனின் கழுத்தைப் பிடித்து அவர் முன்னால் தள்ளினான். "சமைச்சது இவன்தான்! கையக்கூடக் கழுவ மாட்டான்!"

முதல் அடியிலேயே சமையல்காரனின் தாடை திரும்பிவிட்டது. விழுந்தவனை ஆளாளுக்கு மிதித்தார்கள். யாரோ அவன் கண் மேல் செங்கல்லைப் போட்டார்கள். "அவன் இல்லை!" என்று அவள் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. எழுந்து போய், நல்ல கையால் வெல்டரின் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"உங்க பொண்ணு பக்கத்துல காலைல நான்தான் உட்காந்திருந்தேன். என்ன சாப்பிட்டேன்னு எங்கிட்டதான் சொன்னா. கேளுங்க!"

குழாய் நின்றது. "என்ன சொன்னா?"

அவள் சொன்னாள். ஃப்ரிட்ஜைக் காட்டினாள். தன் கையைக் காட்டினாள். வெல்டர் மெதுவாகத் திரும்பி முதலாளியைப் பார்த்தார். குறுக்கே போயிருக்கலாம், போகத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. கால் நகரவில்லை. முழங்காலில் ஒன்று, முதுகில் ஒன்று, தலையில் ஒன்று விழுந்த பிறகுதான் "போதும்!" என்று பாய்ந்தாள். போலீஸ் வந்தபோது தரையில் சாஸும் ரத்தமும் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

முதலாளி பிழைத்தான், இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல். சமையல்காரனுக்கு ஒரு கண் போயிற்று. பாட்டிலில் இருந்தது சால்மொனெல்லா என்ற கிருமி என்று பரிசோதனைக்கூடம் சொன்னது.

வழக்கு நடந்தது. முதலாளி மேல் ஒன்று, வெல்டர் மேல் ஒன்று. இரண்டுக்கும் அவளே சாட்சி. கணவன் கெஞ்சினான். "மயக்கத்துல எதையும் பாக்கலன்னு சொல்லிடேன். அந்த மனுஷன் பொண்ணைப் பறிகொடுத்தவரு."

"முதலாளி செஞ்சதை மட்டும் பாத்தேன், இவர் செஞ்சதைப் பாக்கலன்னா யாரு நம்புவா? எனக்கே நம்பிக்கை வராது."

ஜாமீனில் வந்த வெல்டர் ஒருநாள் அவளைத் தேடி வந்தார். சாட்சியத்தை மாற்றச் சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். "அந்த சமையல்காரத் தம்பி எங்க இருக்கான்? கால்ல விழணும்மா" என்றார். அவன் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு அவளே கூட்டிப்போனாள்.

தாடையைக் கம்பியால் கட்டியிருந்தவன், காலைத் தொட வந்தவரைத் தடுத்தான். பல்லிடுக்கில் வந்த பேச்சைக் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"ஃப்ரிட்ஜு ஓடலன்னு எனக்கு முன்னாடியே தெரியும் சார். வாடை வந்துச்சு. எலுமிச்சம்பழம் புழிஞ்சு ஊத்துன்னாரு முதலாளி. ஊத்தினேன். உங்க பொண்ணு ரெண்டாவது தடவ கேட்டப்ப சிரிச்சுக்கிட்டே வெச்சேன்."

வெல்டரின் கை முஷ்டியாக இறுகியதை அவள் பார்த்தாள். இந்த முறை யோசிக்காமல் இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். அவர் அவளைத் தாண்டி அந்த ஒற்றைக் கண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டிலின் ஓரத்தில், அவன் கால்மாட்டில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.

நீதிமன்றத்தில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சமையல்காரன் சொன்னதையும், தன் கால் நகராமல் நின்றதையும் சேர்த்து. முதலாளிக்கும் வெல்டருக்கும் சிறை; முதலாளி வழக்கில் பிறகு சேர்க்கப்பட்ட சமையல்காரனுக்கு அபராதம். அடியைத் தடுக்காமல் நின்றதற்காக அவளுக்கு மேலதிகாரியின் கண்டனக் கடிதம். அதை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, புகார் வந்திருந்த ஒரு ஐஸ்கிரீம் கடையைப் பார்க்கக் கிளம்பினாள்.