நாலாவது சக்கரம்

"...அதான் சொல்றேன்டி, நாலாவது சக்கரம் மட்டும் அடுத்த சனிக்கிழமை வரைக்கும் முடியாம இருக்கட்டும்," என்று அத்தை என் காதருகே குனிந்து சொன்னபோது, அறை முழுக்க வேப்பிலையும் என் விரல்களில் புளித்த வடிகஞ்சியுமாக மணந்துகொண்டிருந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மை போட்டிருந்தது. நானோ ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத பிள்ளை. முதல் மூன்று நாளில் நாலு தடவை தெருவுக்கு ஓடிப் பிடிபட்டேன். படுத்தால் கை தானாக முகத்தைச் சொறியப் போகும். "விரலுக்கு வேலை குடுத்தாத்தான் மூஞ்சி தப்பும்" என்று, அப்பாவின் தங்கையான அத்தைதான் பழைய பேப்பரையும் காலண்டர் அட்டையையும் கொண்டுவந்து போட்டு, ஒரு டவுன் பஸ் செய்யச் சொன்னாள். "பொக்குளமும் காயணும், வண்டியும் உருளணும். அன்னைக்குத்தான் ஒனக்குத் தண்ணி" என்றாள் அம்மா. தலைக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் வெளியே விடுவார்கள். அம்மை கண்ட வீட்டில் ஆத்தாவே வந்து உட்கார்ந்திருப்பதாக எண்ணம். அவள் முன்னால் சொன்ன வார்த்தையை அம்மா மாற்றமாட்டாள்.

பஸ்ஸின் உடம்பு அரை நாளில் முடிந்தது. நாட்களைத் தின்றவை சக்கரங்கள். அந்த அறைக்குள் கத்தரிக்கோல் வரக்கூடாது என்பதால், பேப்பரை மடித்து, மடிப்பை நகத்தால் தேய்த்து, பட்டை பட்டையாகக் கிழித்து, கஞ்சி தடவி, விளக்குமாற்று ஈர்க்கில் இறுக்கிச் சுற்றவேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் நடுப்பகுதி பிதுங்கிக்கொண்டு வரும். அதற்குப் பெயர் "தொப்பை". ஒரு பட்டை கூடினால் பஸ்ஸுக்கு "ஒத்தக் கால் வீக்கம்". ஜன்னல் வெயிலில் காயவைத்ததை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அமுக்கிப் பார்த்து நானே நசுக்குவேன். ஒருநாள் ஈர்க்கோடு, அது சுழலவேண்டிய காகிதக் குழலையும் சேர்த்து ஒட்டிவிட்டேன். "ஒம் பஸ்ஸு ஸ்டாண்ட விட்டுக் கெளம்பாது போ" என்று அத்தை சிரித்தாள்.

மூன்று சக்கரம் தேறியது. நாலாவதை மட்டும் நான் எப்படிச் சுற்றினாலும் அத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "கோணலா இருக்கு" என்று பிரித்துப் போட்டாள். இரண்டு நாள் நம்பினேன். வியாழக்கிழமை, பொக்குளம் எல்லாம் காய்ந்துவிட்ட பிறகும், ஐந்தாவது முறையாக அவள் கை நீண்டபோது சக்கரத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "வேணும்னேதான் பிரிக்கிறீக" என்று அழுதேன்.

அப்போதுதான் அத்தை உண்மையைச் சொன்னாள். நெற்குப்பை ஊரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள், எனக்கு அம்மை கண்டதால் வராமல் நிற்கிறார்கள். எனக்குத் தண்ணீர் ஊற்றினால் மறுநாளே வந்துவிடுவார்கள். வந்து பார்த்துப் போனபின் அவள் டைப்ரைட்டிங் படிக்கக் காரைக்குடிக்கு பஸ் ஏறக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். பரீட்சையோ அடுத்த சனிக்கிழமை.

"அப்ப அதுவரைக்கும் நான் படுத்தே கெடக்கணுமா அயித்தை?" என்றேன்.

உருண்டு புரண்டு பாயில் தேய்ந்து சிவந்திருந்த என் முழங்கைகளையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது வேப்பிலை செருகிய வாசலைப் பார்த்தே வெகுகாலமாகிறது. டைப்ரைட்டிங் நிலையம் இருந்த மாடியில் செல்போன் கடை. என் பஸ் எந்த மழையில் கரைந்ததோ. தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வுபெற்ற அத்தையிடம் போனில் இதைக் கேட்டால், "அதெல்லாம் யாருக்குடி ஞாபகம் இருக்கு" என்கிறாள். எனக்கு இருக்கிறது. அன்று சக்கரத்தை என் கையிலிருந்து வாங்கினாள், பிரிக்கவில்லை. ஈர்க்கில் செருகி, கஞ்சி வைத்து, அது காயும்வரை ஜன்னலருகே நின்றாள். பிறகு பஸ்ஸை எடுத்துப் போய் அடுப்படித் தரையில் அம்மாவின் காலை நோக்கி உருட்டிவிட்டாள். "உருளுது மதினி. புள்ளைக்குத் தண்ணிய ஊத்துங்க. அவுக வரட்டும், பாக்கட்டும். நான் பரிச்சைக்குப் போறேன்னு அண்ணங்கிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றவள், கஞ்சிக் கையைக்கூடக் கழுவாமல், கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அப்பாவை நோக்கி நேரே நடந்தாள்.