சைலன்சர் இல்லாத ரேஸ் காரில் புளியந்தீவுக்கு

காலை ஆறரை மணிக்குப் பனிச்சங்கேணியில் புறப்பட்டோம். சண்டையால் பஸ் நின்று பதினாலு நாள். மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது. புளியந்தீவில் படிப்பிக்கிற நான் லீவு முடிந்து அங்கே நிற்காமல் முடியுமா? முப்பது மைலுக்கு மேற்பட்ட வழிக்குக் கிடைத்த ஒரே வாகனம், புளியந்தீவில் எங்கள் தெரு அந்தோனி அண்ணன் சண்டைக்குப் பயந்து பனிச்சங்கேணிக்குக் கொண்டுவந்து வைக்கோலுக்குள் ஒளித்து வைத்திருந்த பழைய ரேஸ் கார். இரண்டு சீற். கூரையும் இல்லை, சைலன்சரும் இல்லை.

சேலைன் போத்தலில் இருந்த பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்டார்ட் பண்ணினார். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். பெற்றோல் இல்லாத இந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் எல்லா வாகனமும் இப்படித்தான் ஓடுகிறது. ஆனால் ரேஸ் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஒத்துவராது, உள்ளே தட்டும். அதற்காக எஞ்சின் மூடியான ஹெட்டுக்கு அடியில் ஒன்றுக்கு இரண்டாக கஸ்கற் தகடு போட்டு அழுத்தத்தைக் குறைத்திருந்தார். ஒன்றைத்தான் அவரால் திருத்த முடியவில்லை. அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்தால், எரியாத எண்ணெய் புகைக்குழாயில் வெடிக்கும். அசல் துவக்கால் சுட்ட சத்தம்.

"ஆமி சென்றியிலயும் வெடிக்குமா?" என்றேன்.

"வெடிச்சா சுடுவாங்க ரீச்சர். அதால முன்னுக்கே நிப்பாட்டித் தள்ளுவம்."

ஏறி உட்கார்ந்த பிறகு சொல்கிற கதையா இது!

மாங்கேணியில் ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றிக்கு நூறு யார் தூரம் இருக்கும்போதே இறங்கி, சேலையைச் செருகிக்கொண்டு தள்ளினேன். சோதித்த சிப்பாய் காரை இரண்டு தரம் சுற்றி வந்து, பொனற்றைத் தடவினான். பிறகு உடைந்த தமிழில், "ஸ்டார்ட் பண்ணு. சத்தம் கேக்கணும்" என்றான்.

நான் காரை விட்டு நாலு அடி தள்ளி நின்றேன்.

"சேர், இது வெடிக்கும். துவக்கு இல்ல, புகைக்குழாய்," என்றார் அந்தோனி அண்ணன், கையைக் காட்டிக் காட்டி.

அவன் மண்மூட்டைகளுக்குப் பின்னால் நின்றவர்களுக்குச் சிங்களத்தில் ஏதோ கத்திச் சொன்னான். எல்லாருக்கும் கேட்டதோ என்னவோ. அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு ஸ்டார்ட் பண்ணி, ஒரு அமுக்கு அமுக்கிக் காலை எடுத்தார். வெடித்தது. சத்தம் கேட்க ஆசைப்பட்ட சிப்பாய்தான் முதலில் தரையில் குந்தினான். ஒருவரும் சுடவில்லை. உள்ளே யாரோ சிரித்தார்கள். நானும் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் அழுதும்விட்டேன்.

அடுத்த சென்றிகளில் யாருக்கும் அந்த ஆசை வரவில்லை. ஏறாவூரில் இரண்டு ரூபாய்க்குப் பால் இல்லாத பிளேன்ரீ குடித்தோம். அவசரத்தில் பாதி சேலையில் கொட்டியது. மிச்சம் அமிர்தமாக இருந்தது.

மத்தியானம் புளியந்தீவு. வாவியைப் பார்க்க வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அண்ணன் பொனற்றைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"மலைநாட்டில எத்தனையோ ரேஸ் ஓடினன். ஒருக்கா பிரேக் கேபிள் அறுந்திச்சு, ஒருக்கா சில்லு கழண்டு எனக்கு முன்னால ஓடிச்சு. இந்தக் கார் ஒரு ஓட்டத்தையும் முடிச்சதேயில்ல. இண்டைக்குத்தான் முடிச்சிருக்கு."

"ஏறுறதுக்கு முதல் இதைச் சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னா ஏறியிருப்பீங்களா?"

மறுநாள் வகுப்பில் இடாப்பில் உள்ள பிள்ளைகளின் பெயர்களைக் கூப்பிட்டு முடிந்ததும், என் பெயரையும் மனதுக்குள் ஒருதரம் கூப்பிட்டேன். ஓம், வந்திருக்கிறேன்.