ரிப்பனின் கறுப்புப் பக்கம்

மலக்கி டூவி நியூயார்க்கின் முதல் சுரங்க ரயில்பாதைக்குப் பாறை துளைத்தவன். அண்ணன் ஃபெலிமுக்கும் அதே வேலைதான். கூரை சரிந்த அன்று மலக்கி மேலே வந்தான். அண்ணனை மேலே கொண்டுவந்தார்கள்.

அவர்களுடைய தொழிலாளர் சங்கத்தின் பட்டு ரிப்பனுக்கு இரண்டு முகம். ஊர்வலமென்றால் பச்சை வெளியே, சாவென்றால் கறுப்பு. சந்தோஷத்துக்கொன்று துக்கத்துக்கொன்று என்று வாங்க யாருக்கும் கட்டுபடியாகாது. திருப்பிக் குத்திக்கொண்டால் தீர்ந்தது.

திறப்பு விழா அன்று ஓடும் முதல் ரயிலில் சங்கத்துக்கும் நாலு இடம் கொடுத்திருந்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் மலக்கியின் பெயரும் வந்தது. அண்ணி நோரா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு விழுந்த எடத்த ரயில் தாண்டுறப்ப உன் நெஞ்சுல கறுப்பு தெரியணும். அந்தப் பெரிய மனுஷங்க பாக்கணும்."

"நான் பாத்துக்கறேன் அண்ணி. சத்தியம்."

நிலைய வாசலில் விழாக் குழுக்காரர் ஒருவர், கோட்டில் ரோஜாப்பூவோடு நின்றிருந்தார்.

"என்னப்பா, கல்யாண வீட்டுக்கு வந்தியா, எழவு வீட்டுக்கு வந்தியா?"

"ரெண்டுக்குந்தாங்க."

"வாய் நல்லாத்தான் இருக்கு. மஞ்ச ரிப்பன் இல்லாம ஒருத்தரும் ஏற முடியாது, தெரியுமில்ல?"

'விருந்தினர்' என்று பொன்னெழுத்தில் அச்சடித்த அகலமான ரிப்பனை அவரே கறுப்பின்மேல் குத்திவிட்டார். கறுப்பு முழுசாக மறைந்தது. தான் தோண்டிய குழிக்குள் மலக்கி விருந்தாளியாக இறங்கினான்.

நகரசபைத் தொந்திகளுக்கு நடுவே நெருக்கியடித்து நின்றான். அண்ணன் விழுந்த வளைவு வருவதற்குள் மஞ்சளைக் கழற்றிவிடலாம் என்பது அவன் கணக்கு. பிழையும் அதில்தான். அந்தச் சுரங்கத்தை அவன் அறிந்ததெல்லாம் துளைக்கிற வேகத்தில், முழம் முழமாக. அது ரயிலுக்குத் தெரியாது. ஊசியின் கொக்கியை விரல் தேடிக்கொண்டிருக்கும்போதே வளைவு வந்தது, போய்விட்டது.

"பாத்தியா, கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள வந்துட்டோம்!" என்று பக்கத்துத் தொந்தி அவன் தோளில் தட்டியது.

"வெட்டத்தான் கொஞ்சம் நேரமாச்சுங்க," என்றான் மலக்கி.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

வீட்டில் நோரா காத்திருந்தாள். "பாத்தாங்களா?"

"பாத்தாங்க அண்ணி. எல்லாரும் தொப்பியக் கழட்டினாங்க."

அதை அவள் தெரு முழுக்கச் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தக் கதையில் மேயரும் அழுதுவிட்டார். மலக்கி மறுக்கவில்லை. அதன்பிறகு அந்த ரயிலில் அவன் ஏறவுமில்லை, எவ்வளவு தூரமானாலும் நடந்தே போனான்.

பாறைத்தூசி நுரையீரலை அடைத்து அவன் செத்தபோது, சங்கத்துக்காரர்கள் முறைப்படி கறுப்பை வெளியே திருப்பிக்கொண்டு வந்தார்கள். நோரா அவன் துணிப்பெட்டியின் அடியிலிருந்து மஞ்சள் ரிப்பனைத் தேடியெடுத்து அவன் கோட்டில் குத்தினாள்.

"எதுக்குமா இது?" என்றார் சங்கத் தலைவர்.

"இவன் அண்ணனுக்காக ஊரே தொப்பி கழட்டுன அன்னிக்குப் போட்டிருந்தது. இதோடதான் போகணும்."

பொன்னெழுத்து மங்கவேயில்லை. அவனை விருந்தாளியாகவே குழிக்குள் இறக்கினார்கள்.