அக்கா பார்த்த ரஷ்யப் படம்

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம், புலம்பெயர்ந்து வாழும் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டில், இணையத்தில் எதையோ தேடும்போது அந்தப் படம் அகப்பட்டது. பழைய சோவியத் படம். போர்க்காலத்தில் நான்கு பள்ளிப் பிள்ளைகள் எதிரியின் ஆயுதக் கிடங்கைத் தேடிக் காட்டுக்குள் போகிறார்கள். பெயர் எனக்கு மறந்துவிட்டது. வானொலிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றைக் கடக்கும் பெண்ணைக் கண்டதும்தான், அதே படம் என்று தெரிந்தது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் அதைப் போட்டார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது, அக்காவுக்குப் பதினேழு. மொழி விளங்கவில்லை, ஒரு மாஸ்டர் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னார். பிடிபட்டவன் எவ்வளவு அடித்தும் மற்றவர்கள் இருக்குமிடத்தைச் சொல்லாத கட்டத்தில் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

இரண்டு கிழமை கழித்து, காலையில் எனக்குத் தலை பின்னிக்கொண்டே, பின்னேரம் இயக்கத்துக்குப் போகிறேன் என்றாள். அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். அன்று பொழுதுபட்டபின் அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டார். தெரியாது என்றேன். படத்தில் வந்தவனைப் போல நானும் காட்டிக்கொடுக்கவில்லை என்று உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் வருஷம் அக்கா செத்துப்போனதாகச் செய்தி வந்தது. உடல் வரவில்லை.

இப்போது அம்மா என்னோடு இருக்கிறார். நான் அழுவதைக் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்ன படம் என்று கேட்டார். இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

அம்மா என் பக்கம் திரும்பினார்.

"எப்ப சொன்னவள்?"

"காலமை. பள்ளிக்கூடம் போக முன்னம்."

"அண்டைக்கு முழுக்க நான் வீட்டிலதானே நிண்டனான், பிள்ளை."

அம்மா எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். சாப்பிடக் கூப்பிட்டபோது வந்தார், சாப்பிட்டார், சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தார்.

மறுநாள் காலை முதியோர் டேகேருக்குக் கூட்டிப்போகக் காரை எடுத்தேன். எப்போதும் எனக்குப் பக்கத்தில் இருந்து வருகிறவர், பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். இன்றைக்கும் பின்னால்தான் இருந்து வருகிறார்.