இசக்கியக்கா திருடாத விதை

செய்தியைக் கொண்டுவந்தவன் என் மூத்த மகன். புக்கிட் மெர்தாஜாமுக்குச் சரக்கு எடுக்கப் போனவன் மத்தியானப் படகில் பினாங்குக்குத் திரும்பி, சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அப்பா, சந்தையில கீரை விக்கிற இசக்கியம்மா போயிட்டாங்களாம், நேத்துக் காலையில" என்றான். நான் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். கையை எடுக்கவில்லை, மேலும் இரண்டு கவளம் சாப்பிட்டேன். துக்கத்தில் சோறு இறங்காது என்று எழுதுவார்கள். எனக்கு இறங்கியது. அதையும் சொல்லிவைக்கிறேன். இதில் எழுதப்போகிற எதுவும் எனக்கு அழகாக இருக்கப்போவதில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். பந்தலில் எனக்குப் பக்கத்தில் சந்தைக்காரர் இருவர்.

"நல்ல மனுசிதான். ஆனா தோட்டத்துல விதை களவாண்டுதான் வெளிய வந்தாங்கன்னு ஒரு பேச்சு உண்டு."

"செத்தவங்களைப் பத்தி எதுக்குலா இப்ப?"

"நான் என்ன புதுசாவா சொல்றேன்? ஊருக்கே தெரியும்."

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்த அக்காவின் மகளுக்கு அது கேட்டது. கெண்டியைப் பிடித்த கை நின்று, பிறகு ஊற்றியது. அந்தப் பேச்சு பொய் என்று தெரிந்த ஒரே ஆள் அந்தப் பந்தலில் நான்தான். வாயைத் திறக்கவில்லை, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தேன், இனிப்புப் போதவில்லை என்றுகூட நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். அவரை அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். எனக்குப் படிப்பு ஏழாம் வகுப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையை மட்டும்.

பத்து காவான் என்ற ஊருக்குத் தெற்கே, கடலோரத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். இசக்கியக்கா தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் குதிரைகளுக்குப் புல் அறுப்பவர். அப்போது நான் அவரை "ஏ இசக்கி" என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். "அக்கா" என்று என் வாயில் வந்ததெல்லாம் பிற்பாடு சந்தையில்தான்.

ஒரு வருஷம் துரைக்கு மான் பயிர் போடவேண்டும் என்று ஆசை வந்தது. தோட்டத்து ஓரக் காட்டில் கடமான்கள் உண்டு. அவை வந்து மேய, கடற்கரைப் பக்கம் ஒரு துண்டு மணல் நிலத்தில் பயிர் வளர்க்கவேண்டுமாம். சீமையிலிருந்து விதைப் பொட்டலங்கள் வந்தன. பொட்டலத்தின் மேல் பச்சைப் புல்வெளியில் ஒரு மான் படம். என்னைக் கூப்பிட்டு, எழுதியிருப்பதைப் படித்து அப்படியே செய் என்றார். பாதி புரிந்தது. புரியாத பாதியை நானே இட்டு நிரப்பிக்கொண்டேன். வெயில் ஏறிய மணலில் விதையைத் தூவி, தண்ணீர் தெளித்து, பத்து நாள் காலையும் மாலையும் போய்ப் பார்த்தேன். எறும்புகள் வரிசையாக விதையைச் சுமந்துகொண்டு போயின. அந்த வருஷம் அவற்றுக்குச் சீமைச் சாப்பாடு.

புல்கட்டோடு அந்த வழியே வந்த இசக்கியக்கா நிலத்தைப் பார்த்தார், பிறகு என் வழுக்கையைப் பார்த்தார். "இதுல முளைக்கிறதுக்கு முன்னால உங்க தலையில முளைச்சிரும், கிராணியாரே" என்றார். கூட வந்த பெண்கள் சிரித்ததில் ஒருத்தியின் கட்டு அவிழ்ந்து விழுந்தது.

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். பயம்தான் வந்தது, துரை வந்து பார்த்தால் என்ன சொல்வது என்று. "அப்போ இதுல என்னதான் வரும்?" என்று கேட்டேன். அவர் பிறந்தது திருநெல்வேலித் தேரி மணலில். குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி விரல் இடுக்கில் ஒழுகவிட்டார். "இந்த மணலு குடிகாரப் புருசன் மாதிரி. குடுத்தது எதுவும் கையில நிக்காது. இவனை நம்பி ஒத்தை விதையைக் குடுக்கப்படாது. நாலு விதையாப் போடணும், ஒண்ணு போனா ஒண்ணு நிக்கும்."

நீயே முன்னால் நின்று போட்டுக் கொடு என்றேன். "எனக்கு எதுக்கு அந்தப் பாடு?" என்று அவர் கேட்கவில்லை, ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. அந்த நாட்களில் மான்கள் இறங்கிவந்து, லயத்து வரிசை வீடுகளின் ஜனங்கள் வீட்டுப் பின்னால் போட்டிருந்த மரவள்ளியையும் கீரையையும் இரவோடு இரவாகத் தின்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. நான் சொன்னேன்: "கடற்கரைப் பக்கம் பயிர் நல்லா வந்தா மான் அங்கேயே நின்னுடும். உங்க கீரை தப்பிக்கும். அதுக்குத்தான் துரை போடச் சொல்றாரு."

துரை அப்படிச் சொல்லவில்லை. ஏன் போடச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். நிலத்தின் ஓரத்தில் பரண் கட்ட மரத்துக்குச் சீட்டு எழுதியவனே நான்.

அக்கா நம்பினார். விதை வாங்க அவரையும் பினாங்குக்கு அழைத்துப் போனேன். ராவுத்தர் ஒருவரின் தானியக் கடையில் மூட்டை மூட்டையாகக் கையை விட்டு, அடியிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றையும் கடித்துப் பார்த்தார்.

"ஏம்மா, கடிச்சே பாதி மூட்டையத் தின்னுருவே போல" என்றார் ராவுத்தர்.

"பல்லுக்குத் தெரியாதது மண்ணுக்குத் தெரிஞ்சிரும், ராவுத்தரே. எனக்கு முந்தித் தெரியட்டும்."

தட்டைப்பயறு இரண்டு பங்கு, கம்பு ஒரு பங்கு, கொள்ளு அரைப் பங்கு, நரிப்பயறு ஒரு கை. கம்பு சட்டென்று உயர்ந்து கடற்காற்றைத் தடுக்கும். தட்டைப்பயறு படர்ந்து மணலை மூடும். மான் கடித்தால் மறுபடி துளிர்க்கும். மற்றவை தீர்ந்த பிறகும் கொள்ளு நிற்கும். "ஒண்ணு கடிக்க, ஒண்ணு துளுக்க, ஒண்ணு காத்திருக்க" என்பார். பெரிய விதையை விரல் கணு ஆழத்துக்கு அமுக்கவேண்டும். சிறிய விதையை உலர்ந்த மணலோடு கலந்து தூவவேண்டும், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொட்டிக்கொள்ளும்.

அதற்கு முன்னால் உரம். மீன் குப்பத்திலிருந்து அழுகிய இறால் தலையும் மீன் குடலும் வண்டி வண்டியாக வந்தன. குழியில் கொட்டி மணலால் மூடுவதை நான் நின்று பார்க்கவேண்டும். புழு நெளிந்தது. மூக்கில் துணி கட்டியும் அந்த நாற்றம் தொண்டையில் ருசியாகவே இறங்கியது. என் மனைவி என்னைக் கிணற்றடியைத் தாண்டவிடவில்லை. கடைக்குட்டி எனக்கு, நாறுகிற இறால் விழுதை நினைத்து, "பெலாச்சான் அப்பா" என்று பேர் வைத்தான். லயம் முழுக்க அந்தப் பேர் பரவியது. அக்கா அந்தக் குழிகளில் முழங்கால்வரை நின்று வேலை செய்தார். "நாத்தம் கழுவுனாப் போயிரும், கிராணியாரே" என்றார். அப்போது எனக்கு அது நல்ல வார்த்தையாகத்தான் பட்டது.

பயிர் வந்தது. அப்படி ஒரு பச்சையை அந்தக் கடற்கரை பார்த்ததில்லை. மான்களும் வந்தன. லயத்துக் கீரை தப்பியது; ஜனங்கள் அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பயிரில் நின்று பழகிப் பழகி, மனிதர் நடந்துபோனாலும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மேய்கிற அளவுக்கு மான்களுக்குப் பயம் விட்டுப்போயிற்று.

அப்போதுதான் துரையின் விருந்தாளிகள் பினாங்கிலிருந்து விசைப்படகில் வந்தார்கள். துப்பாக்கிகளோடு புட்டிகளும் இறங்கின. பொழுது சாய்கிற நேரத்தில் பரணில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தின்றுகொண்டிருந்த மான்களைச் சுட்டார்கள். அதை வேட்டை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தொழுவத்தில் கட்டிப்போட்ட மாட்டைச் சுடுவதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. ஒருவர் குடித்த குடியில் பரணிலிருந்தே வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி சுட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். அவர்களுக்குச் சோடா ஊற்றிக் கொடுத்தவன் நான். கொம்புள்ள தலைகளை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். மிச்சத்தை லயத்துக்குக் கொடுக்கச் சொல்லி உத்தரவு. பெரிய மனசு.

மறுநாள் காலை அக்கா ஓலைக் கூடையோடு ஆபீசுக்குள் வந்தார். உள்ளே வர அனுமதி கேட்கவில்லை. என் மேசைமேல் கூடையைக் கவிழ்த்தார். ஒரு பெட்டை மானின் இரைப்பை. கிழித்துத்தான் கொண்டுவந்திருந்தார். அரைகுறையாக மென்ற தட்டைப்பயற்று இலை, பச்சை மாறாமல், புளித்த நாற்றத்தோடு என் காகிதங்கள்மேல் வழிந்தது.

"இது என்னன்னு தெரியுதா?"

நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

"நான் போட்ட பயறு. சினை மான், கிராணியாரே. உள்ள குட்டி கெடந்துச்சு. கீரையக் காப்பாத்தன்னு சொன்னீங்களே?"

"எனக்கும் துரை அப்படித்தான் சொன்னாரு..."

"பரணுக்கு மரம் குடுக்கச் சீட்டு எழுதுனது யாரு? உங்க தாத்தாவா?"

அவர் என் மேசையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். புழுக்குழியில் முழங்கால்வரை நின்றபோது அவர் முகத்தில் வராத அருவருப்பு அப்போது வந்தது.

அடுத்த பருவத்துக்கு அதே விதை வாங்கி அதே நிலத்தில் போட உத்தரவு வந்தது. அக்கா விதைக்கமாட்டார் என்றே நினைத்தேன். "நான் மாட்டேன்னா வேற ஒருத்திய விடுவாக. நானே விதைக்கேன்" என்றார். ஒரு வாரம் கழித்து, நான் கொடுத்த விதை மூட்டைகளைத் தலையில் சுமந்து திரும்பக் கொண்டுவந்தார். கட்டுகூட அவிழ்க்கவில்லை.

"ஸ்டோர்ல வையுங்க. நான் விதைக்காத விதை என் வீட்ல இருக்கப்படாது."

"அப்போ நிலத்துல என்ன போட்டே?"

"கொளிஞ்சி. ஆடு மாடு வாய் வைக்காது, மானும் வைக்காது. பக்கத்து ரப்பர் தோட்டத்துல மண்ணுக்குன்னு போடுதாங்க. அங்க உள்ள பொம்பளைங்ககிட்ட கேட்டு வாங்குனேன். உங்க துரைக்குப் பச்சைதானே வேணும்? பச்சையா இருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். மூட்டைகளை வாங்கி ஸ்டோரில் வைத்துப் பூட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே துணிச்சலான காரியம் அதுதான் என்று சில நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொளிஞ்சி செழித்து வளர்ந்தது. துரை பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். விருந்தாளிகள் வந்தார்கள், பரணில் உட்கார்ந்தார்கள், கொசுக் கடித்தது, மான் வரவில்லை. அவர்களில் ஒருவர் ரப்பர் தோட்டக்காரர். இறங்கிப் போய் ஒரு கொத்தை ஒடித்துப் பார்த்துவிட்டு, இதைத்தானே நான் என் ரப்பருக்கு அடியில் போடுகிறேன், உன் பயறு எங்கே என்று கேட்டார். எல்லாரும் துரையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் விசாரணை. அந்தத் துரைக்குத் தமிழில் வா, போ, சீக்கிரம் தவிர ஒன்றும் தெரியாது. அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நான். அக்கா வழக்கப்படி கை கட்டிக்கொண்டு நின்றார். வாங்கிய விதை எங்கே என்று துரை கேட்டார். தமிழில் கேட்டேன். அக்கா தெளிவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பதில் சொன்னார்.

துரை என்னைப் பார்த்தார். உள்ளதைச் சொன்னால் மூட்டைகளைப் பூட்டி வைத்தவன் யார் என்ற கேள்வி வரும். எனக்கு வீட்டில் நான்கு பிள்ளைகள். பிள்ளைகளைக் காரணம் காட்டுவது வசதி. அவர்கள் மறுத்துப் பேசமாட்டார்கள். "தெரியாது என்கிறாள்" என்று இங்கிலீஷில் சொன்னேன். அவ்வளவுதான். சின்ன வாக்கியம், இலக்கணப் பிழைகூட இல்லை.

திருடி என்று துரை முடிவு கட்டினார். அன்றைக்கே லயத்தைக் காலிசெய்யச் சொன்னார். அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னவனும் நான்தான். அவர் கட்டியிருந்த கையை அவிழ்த்துக்கொண்டு போனார். ஸ்டோரில் பூட்டிய அந்த விதையை வெளியே எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூட்டைக்குள் வண்டு பிடித்து, மாவாகி, ஸ்டோரெல்லாம் வண்டு ஊர்ந்தது. ஒரு நாள் ஆள் இல்லாத நேரம் பார்த்து அலையில் கொட்டினேன். கை முழுக்க வண்டு.

பிற்பாடு நான் தோட்டத்தை விட்டுப் பினாங்கில் அரிசிக் கிடங்கு வேலைக்கு வந்தேன். புக்கிட் மெர்தாஜாம் போகும்போதெல்லாம், அங்கே சந்தையில் கடை போட்டிருந்த அக்காவிடம் கீரை வாங்குவேன். "பெலாச்சான் கிராணி வந்துட்டாரு" என்று பக்கத்துக் கடைக்காரிக்குச் சொல்லிச் சிரிப்பார். பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரிப்பார். பல வருஷம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. ஒரே ஒரு தடவை, கீரைக்கட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்: "அன்னைக்கு நான் சொன்னத அப்படியே துரைகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்க்கா."

"சரி" என்றார். "அப்போ துரைக்குத்தான் காது கேக்கல போல."

கீரைக்கட்டை என் கையில் வைத்தார். எப்போதும்போல ஒரு கட்டு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. மன்னித்தார் என்று எழுதினால் இந்தக் கட்டுரை நன்றாக முடியும். அதற்கு எனக்கு உரிமை இல்லை. அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பதில். யாருக்குச் சொல்லவேண்டியதோ அவருக்கு நான் சொல்லாமல் இத்தனை வருஷம் வைத்துக்கொண்டது. அந்தத் துரை ஊரைவிட்டுப் போய்விட்டார். கேட்கவேண்டியவர்கள் இப்போது சந்தைக்காரர்களும், தேத்தண்ணி ஊற்றிய அந்த மகளும்தான். அன்று ஆபீஸ் வாசலில், கை கட்டி நின்று, அந்த மகளின் அம்மா சொன்னது இது:

"விதை எங்கயும் போகல, துரை. கட்டு அவுக்காம ஸ்டோர்ல இருக்கு. சாவி கிராணிகிட்ட இருக்கு, தொறந்து பாக்கச் சொல்லுங்க."